கார்கோ வேன்ல பிசிஎம் (பாடி கன்ட்ரோல் மாட்யூல், விளக்கு, வைப்பர், லாக் எல்லாத்தையும் நடத்துற பெட்டி) போச்சுங்கிறாங்க. மாத்துறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும், மாத்துனா எப்படி மாத்தணும்?

கொருக்குப்பேட்டை கார்கோ

வண்டி 12 வோல்ட், பிஎஸ்6 டீசல் கார்கோ வேன். கம்பெனி பேர் வேண்டாம், முறை தெரிஞ்சா போதும்.

மழை பெய்ஞ்சா இடது இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிக்குது. வைப்பர் சுவிட்சை நிறுத்தினாலும் வைப்பர் நிக்கலை. சென்ட்ரல் லாக் தானா பூட்டுது, தானா திறக்குது. ரூம் லைட் அணையாம எரிஞ்சு காலையில பேட்டரி படுத்துடுது. சில சமயம் மீட்டர்ல சாவி படம் மின்னும். அப்போ செல்ஃப் சுத்தும், இன்ஜின் பிடிக்காது.

எலக்ட்ரீஷியன் "பாடி கன்ட்ரோல் மாட்யூல் அவுட்டு, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டார். புதுசு வாங்கிக் கோடிங் (இந்த வண்டி விவரத்தைப் பெட்டிக்குள்ள எழுதறது) போடணும், இல்லைன்னா புதுப்பேட்டையில பழசு தேடணும். காசு இறக்குறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கணும். மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

ராயபுரம் ஒயர்மேன்

இண்டிகேட்டர், வைப்பர், லாக், ரூம் லைட், சாவி எல்லாம் தனித்தனி லைன். ஒரே மழையில அத்தனையும் சேர்ந்து கெடுறது அபூர்வம். எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது மூணு: பிசிஎம்முக்கு வர்ற சப்ளை, அதோட எர்த், அப்புறம் அந்தப் பெட்டி. பெட்டியைக் கடைசியில வைங்க.

முதல்ல பேட்டரி. ராத்திரி நின்ன வண்டியில 12.4 வோல்ட்டுக்குக் கீழ காட்டினா சார்ஜ் போட்டுட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கக்கூடாது. அதுக்கும் கீழ போனா பிசிஎம் நடுவுலயே ரீசெட் ஆகும், சாவியைப் படிக்க முடியாம இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லைன்னா இன்ஜினை ஓட விடாத அமைப்பு) பூட்டிக்கும். வெறும் பேட்டரியாலயே சாவி படம் மின்னலாம்.

அடுத்து எர்த். இதை ஓம்ஸ்ல அளக்காதீங்க. ஓம்ஸ் மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர் கரண்ட். பத்து இழையில ஒரே இழை மிச்சம் இருந்தாலும் "நல்லா இருக்கு"ன்னுதான் காட்டும். லோடு போட்டு வோல்ட் அளக்கணும். ஹெட்லைட், ஹசார்டு, புளோயர் எல்லாத்தையும் போடுங்க. கருப்பு புரோப் பேட்டரி நெகடிவ் கம்பத்து மேலயே இருக்கட்டும், கிளாம்ப் மேல வைக்காதீங்க. சிவப்பு புரோப்பை பிசிஎம் கப்ளரோட (ஒயர் கட்டு பெட்டியில செருகற இணைப்பு) பின்பக்கமா மெல்லிய ஊசி விட்டு எர்த் பின்ல தொடுங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. 0.3, 0.5ன்னு போச்சுன்னா போல்ட்டோ ஒயரோ போயிடுச்சு. பேட்டரியிலேர்ந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற பட்டை எர்த்தையும் இதே மாதிரி பாருங்க.

சப்ளை ஒரு பின் மட்டும் கிடையாது. பெரும்பாலான பிசிஎம்முக்கு மூணு நாலு பேட்டரி லைன் தனித்தனி ஃபியூஸ் வழியா வரும். ஒண்ணு இண்டிகேட்டருக்கு, ஒண்ணு லாக்குக்கு, ஒண்ணு பெட்டியோட மூளைக்கு. ஒரு லைன் போனா அந்த குரூப் மட்டும் சாகும். வயரிங் டயக்ராம் இல்லாம இதுல இறங்காதீங்க. பேட்டரி கழட்டிட்டு பிசிஎம் கப்ளரை எடுங்க. ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல போட்டு பேட்டரியை மாட்டுங்க. அது 4.5 ஆம்பியர் கிட்ட இழுக்கும். பல்பு பளிச்சுனு எரியணும்; பல்பு மேல இருக்கற வோல்ட்டுக்கும் பேட்டரி வோல்ட்டுக்கும் வித்தியாசம் 0.5க்குள்ள இருக்கணும். ஆனா கம்மி ஃபியூஸ் போட்ட லைன்ல இந்த பல்பை வைக்காதீங்க, 5 வாட் பல்பு போதும்.

டெஸ்ட் லேம்ப் ஊசியைக் கப்ளரோட பெண் பின்னுக்குள்ள குத்தாதீங்க. பின் வாய் விரிஞ்சிடும், இல்லாத லூஸ் கான்டாக்டை நீங்களே உண்டாக்கின மாதிரி ஆகும். அதே அளவு ஆண் பின் ஒண்ணை ஒயர்ல க்ரிம்ப் பண்ணி வெச்சுக்குங்க.

காசிமேடு ஐஸ்பெட்டி

வண்டியில இன்னா சரக்கு ஏத்துறன்னு எழுதலையே பா. மீன் வண்டின்னா எர்த் போல்ட்டுக்கு மீட்டரே வாணாம், கண்ணால பாத்தாலே தெரியும். ஐஸ் தண்ணி உப்போட வடிஞ்சு கால் மிதி மேட்டுக்கு (ஃப்ளோர் மேட்) அடியில போய் நிக்கும். அங்கதான் எர்த் போல்ட்டும் கீது, ஒயர் கட்டும் கீது. மீன் ஏத்தலைன்னாலும் எண்ணூர் ரோட்ல டெய்லி ஓடுனா கடல் காத்து போதும்.

மழையில மட்டும் வருதுன்னா தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம். வழியைக் கண்டுபுடிக்காம புது பாக்ஸ் மாட்டுனா அடுத்த மழைக்கு அதுவும் காலி. பாக்க வேண்டிய இடம்:

முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற சல்லடை மூடி. நிழலுக்குன்னு வேப்பமரத்தடியில நிறுத்துவோம்ல, அந்த இலை போய் வடிகால் ஓட்டைய அடைச்சுரும். தண்ணி தொட்டி மாதிரி நின்னு புளோயர் வழியா கேபின்ல இறங்கும். அப்புறம் கண்ணாடி மாத்துன வண்டின்னா மூலையில பசை விட்டுப்போயிருக்கும். மூணாவது, இதான் நெறைய: ஹாரனுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் ஒயர் இழுக்கறேன்னு பானட்டுலேந்து கேபினுக்கு ஒயர் வர்ற ஓட்டையில இருக்கற பானட்டு ரப்பரை குத்தி ஓட்ட போட்டு அப்பிடியே உட்ருப்பாங்க. மழை இல்லாத நாள்லயும் கால்கிட்ட ஈரம் இருந்தா ஏசி தண்ணி பைப் அடைப்பு.

டெஸ்டு சிம்பிள். ஒராளு வெளிய மக்குல தண்ணி ஊத்தணும், கீழேந்து மேல கொஞ்சம் கொஞ்சமா. வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்ப புடிச்சு அடிக்காத, நல்ல ரப்பர்லயும் தண்ணி பூந்துரும். இன்னொராளு உள்ள டார்ச்சோட, பிசிஎம்ம சுத்தி டிஷ்யூ பேப்பர் ஒட்டி வெச்சுப் பாக்கணும். தண்ணி ஒயர் மேலயே நடந்து வரும், ஓட்ட ஒரு பக்கம் இருக்கும், ஈரம் வேற பக்கம் இருக்கும்.

மணலி மீட்டர்

ஸ்கேனர் (மாட்யூல்கள்ல பதிவான பழுது கோடைப் படிக்கிற கருவி) பத்தி யாரும் சொல்லலை. பத்து நிமிஷ வேலை, பாதி வேலையை மிச்சப்படுத்தும். ஆனா இன்ஜின் கோடு (பழுது எண்) மட்டும் படிக்கிற ப்ளூடூத் டாங்கிள் உதவாது. பிசிஎம், மீட்டர், ஏபிஎஸ் எல்லாத்துக்குள்ளயும் போற ஸ்கேனர் வேணும்.

ரெண்டு நிலை இருக்கு. பிசிஎம் பதில் சொல்லுது, உள்ள "இடது இண்டிகேட்டர் சர்க்யூட் ஓபன்"னு குறிப்பா ஒரு கோடு இருக்கு: அப்போ பெட்டிக்கு வெளிய பாருங்க, பல்பு, ஹோல்டர், ஒயர். இப்ப வர்ற வண்டியில ஃபிளாஷர் ரிலே தனியா கிடையாது. பிசிஎம்முக்குள்ள இருக்கற டிரைவர் சிப்பே பல்பு இழுக்கற கரண்டை அளக்குது. கரண்ட் குறைஞ்சா பல்பு போச்சுன்னு எண்ணி வேகமா அடிக்கும். 21 வாட் பல்பை எடுத்துட்டு எல்இடி போட்டாலும் அதேதான்.

இன்னொரு நிலை: மத்த மாட்யூல் எல்லாம் யூ0140 காட்டுது, பிசிஎம் பதிலே சொல்லலை. யூ0140ன்னா "பிசிஎம்மோட பேச்சு வார்த்தை அறுந்து போச்சு"ன்னு மட்டும்தான். பிசிஎம் செத்துடுச்சுன்னு அது சொல்லலை. சப்ளை, எர்த், கேன் லைன் (மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ஜோடி ஒயர்) மூணும் சரியா இருந்து, அப்பவும் பதில் இல்லைன்னாதான் பெட்டி மேல சந்தேகம்.

கேன் லைன் அளக்க: பேட்டரி கழட்டி சில நிமிஷம் விடுங்க. ஓபிடி சாக்கெட்ல (ஸ்கேனர் மாட்டற இடம்) 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் ஓம்ஸ் பாருங்க. 60 வந்தா சரி. ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனை ரெசிஸ்டர்) இருக்கு, ரெண்டும் பேரலல். 120 வந்தா ஒரு முனை அறுந்திருக்கு. 40 வந்தா யாரோ மூணாவது டெர்மினேட்டரோட ஏதோ மாட்டியிருக்காங்க. பூஜ்யம் பக்கம் வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிட்டிருக்கு. அப்புறம் பேட்டரி மாட்டி, சாவி ஆன்ல, ரெண்டு லைனையும் எர்த்துக்கு அளந்தா 2.5 வோல்ட்டை ஒட்டி ஹை கொஞ்சம் மேல, லோ கொஞ்சம் கீழ நிக்கும். ரெண்டையும் கூட்டினா 5 வரணும். ஒண்ணு 0வோ 12வோ காட்டினா ஷார்ட்.

நடுவுல கேட்வே (கேன் லைன்களுக்கு நடுவுல செய்தியைக் கடத்தற மாட்யூல்) இருக்கற வண்டியில ஓபிடி சாக்கெட் அளவு கேட்வே வரைக்கும்தான் உண்மை சொல்லும். அங்க பிசிஎம் கப்ளர்லயே அளக்கணும்.

சாவி படத்துக்கு: இக்னிஷன் ஸ்விட்சைச் சுத்தி ஒரு வளையக் காயில் இருக்கும், 125 கிலோஹெர்ட்ஸ்ல சாவிச் சிப்பைப் படிக்கும். அதோட சின்ன கப்ளரை ஆட்டிப் பாருங்க. சாவிக்கொத்துல வேற வண்டி சிப் சாவி இருந்தா கழட்டிட்டு ஒத்தைச் சாவியால பாருங்க.

கொருக்குப்பேட்டை கார்கோ

அளந்துட்டேன். சரக்கு மளிகை, மீன் இல்லை. பேட்டரி 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.4. பிசிஎம் எர்த் பின் லோடுல 0.85 வோல்ட். டிரைவர் கால் பக்கத்துல இருக்கற எர்த் போல்ட் துரு. சுரண்டி மாட்டினதும் 0.04. இண்டிகேட்டர், லாக் ரெண்டும் சரியாயிடுச்சு.

வைப்பர் இன்னும் நிக்கலை. சாவி படம் விட்டு விட்டு வருது. கேன் 60.4 ஓம். இசிஎம் (இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூல்), மீட்டர், ஏபிஎஸ் மூணுலயும் யூ0140 இருக்கு. அழிச்சா போகுது, திரும்ப வருது. பிசிஎம் கப்ளர்ல ரெண்டு பின் பச்சை. பெட்டியைத் திறந்தா போர்டு ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு.

ராயபுரம் ஒயர்மேன்

0.85 போனதுலயே பாதி வியாதி போச்சு. அந்த போல்ட்ல பெயின்ட் இல்லாம உலோகம் பளபளன்னு தெரியணும், நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கணும், இறுக்கினதுக்கு மேல வாசலின் தடவணும்.

இப்ப பெட்டியைக் குற்றவாளின்னு சொல்லலாம், பச்சைப் பின் அதுக்கு சாட்சி. ஆனா வைப்பர் நிக்காததுக்கு ரெண்டு காரணம் இருக்கு. வைப்பர் மோட்டாருக்குள்ள பார்க் சுவிட்ச் (வைப்பர் நிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததைச் சொல்றது) சிக்னல் வராம இருக்கலாம், இல்லை பிசிஎம் போர்டுல இருக்கற ரிலே கான்டாக்ட் ஒட்டியிருக்கலாம். பிரிச்சுப் பார்க்க: வைப்பர் ஓடிக்கிட்டு இருக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, பிசிஎம்லேர்ந்து மோட்டாருக்குப் போற லைன்ல வோல்ட் பாருங்க. 12 வந்துக்கிட்டே இருந்தா, ஸ்கேனர் லைவ் டேட்டாவுல பார்க் சிக்னல் மாறுதான்னு பாருங்க. சிக்னல் ஒழுங்கா மாறியும் 12 விடலைன்னா ரிலே. சிக்னலே மாறலைன்னா மோட்டார் பக்கம்.

ரிலேன்னா மேல அச்சடிச்ச நம்பரை அப்படியே எழுதிக்கிட்டு ரிச்சி தெருவுல (எலக்ட்ரானிக்ஸ் பாகம் விக்கற கடைத்தெரு) கேளுங்க. காயில் வோல்ட், கான்டாக்ட் ஆம்பியர், கால் அமைப்பு மூணும் ஒத்துப்போகணும்.

போர்டு கழுவ 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ். பெட்ரோல், தின்னர் தொடக்கூடாது. பாதுகாப்புப் பூச்சும் பிளாஸ்டிக்கும் கரையும். கழுவினப்புறம் 50, 60 டிகிரி சூட்டுல சில மணி நேரம் நல்லா உலரணும். உப்பு கால் தெரியற பாகங்கள்ல மட்டும் இருந்தா பிழைக்கும். பெரிய சிப்புக்கு அடியில, இல்லை போர்டு ஓட்டை வழியா உள் அடுக்குக்குப் போயிருந்தா கழுவி மாட்டின வண்டி கொஞ்ச நாள் ஓடி நடுரோட்ல நிக்கும். டெலிவரி வண்டிக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்ங்கறது என் கருத்து. ஆனா கழுவறதை விடாதீங்க. புதுசு போடுறதா இருந்தாலும் பழசு கடைசியா ஒரு தடவை உயிரோட பேசினா உள்ள இருக்கற டேட்டாவை எடுத்துக்கலாம்.

பெரம்பூர் கோடிங்

மேலே சொன்ன கடைசி வரிதான் இந்த வேலையின் மையம். பழைய பிசிஎம்மைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேனரில் எடுத்து வைக்க வேண்டியவை: பார்ட் நம்பர், ஹார்ட்வேர் மற்றும் சாஃப்ட்வேர் வெர்ஷன், உள்ளே பதிந்திருக்கும் சேஸிஸ் நம்பர், கான்ஃபிகரேஷன் முழுவதும், பதிவான சாவிகளின் எண்ணிக்கை, எல்லா கோடுகளும். திரையைப் போட்டோ எடுத்தாலும் போதும். கான்ஃபிகரேஷன் என்பது ஏதோ கூடுதல் வசதி இல்லை. இந்த வண்டியில் பின் வைப்பர் உண்டா, முன் பவர் விண்டோ உண்டா, பக்கக் கதவு தள்ளுவதா திறப்பதா, மூடுபனி விளக்கு உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வெற்றுப் பெட்டியை மாட்டினால் ஹெட்லைட் எரியும், மற்றது பாதி எரியாது. உடனே "புதுசும் கோளாறு" என்பார்கள்.

லேபிளில் கடைசி எழுத்து வரை பார்ட் நம்பர் பொருந்த வேண்டும், அல்லது கம்பெனி அந்த நம்பருக்கு மாற்றாக அறிவித்த நம்பராக இருக்க வேண்டும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வாங்காதீர்கள். சரக்கு வேனுக்கும் பயணிகள் வேனுக்கும் ஒரே கூடு, வேறு உள்ளடக்கம் என்பது சாதாரணம்.

புதிய பெட்டி என்றால் வரிசை இது. முதலில் கான்ஃபிகரேஷன் எழுதுவது, அடுத்து சேஸிஸ் நம்பர், பிறகு இசிஎம்முடன் இம்மொபிலைசர் பொருத்தம், பிறகு சாவிகள், கடைசியில் ரிமோட். சாவி பதியும்போது வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியையும் கொண்டுவர வேண்டும். பல வண்டிகளில் புதிதாகப் பதியத் தொடங்கியதும் பழைய பட்டியல் அழிந்துவிடும், கையில் இல்லாத சாவி அத்துடன் செல்லாது. செக்யூரிட்டி பின் நம்பர் கேட்க ஆர்சி, உரிமையாளரின் அடையாள அட்டை இரண்டும் தேவைப்படும். டிரைவரை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். பின் நம்பரை ஊகித்து அடிக்க வேண்டாம். சில முறை தவறினால் பெட்டி பூட்டிக்கொண்டு சாவி ஆனில் நீண்ட நேரம் காத்திருக்க வைக்கும்.

புதுப்பேட்டை செட்டு

எல்லாரும் புதுசு புதுசுங்கறீங்க. புதுசு ஆர்டர் போட்டு வர்ற வரைக்கும் வண்டி நிக்கும், டியூ நிக்குமா? அதே பார்ட் நம்பர் பழசு எடுத்து, இவரோட பெட்டி டேட்டாவை அதுல ஏத்திட்டா இசிஎம்முக்கு வித்தியாசமே தெரியாது. சாவி பதியற வேலையும் கிடையாது.

ஆனா பார்த்து எடுக்கணும். வெள்ளத்துல நின்ன வண்டிப் பாகம் சந்தைக்கு வராம இருக்காது. 2015லயும் 2023 டிசம்பர்லயும் எவ்வளவு வண்டி தண்ணியில நின்னுச்சுன்னு வடசென்னைக்காரனுக்கு நான் சொல்ல வேண்டாம். கடையிலயே மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்மூலையில மண் கோடு, ஸ்க்ரூ தலையில துரு, கப்ளர் பின் கருப்பு, மோந்தா சேத்து நாத்தம், இதுல ஒண்ணு இருந்தாலும் வேண்டாம். யாராவது ஏற்கனவே சால்டர் வெச்ச போர்டும் வேண்டாம். கப்ளரை 20 சென்டிமீட்டர் ஒயரோட வெட்டிக் கேளுங்க, உங்க பச்சைப் பின்னுக்கு அது மாற்று. பில் கண்டிப்பா வாங்கணும். எந்த வண்டியில இருந்து எடுத்ததுன்னு சொல்ல மாட்டேங்கறவன்கிட்ட எதுவும் வாங்காதீங்க.

பெரம்பூர் கோடிங்

குளோன் செய்வதை, அதாவது ஒரு பெட்டியின் டேட்டாவை இன்னொன்றில் அப்படியே ஏற்றுவதை, நான் தவறென்று சொல்லவில்லை. அதற்குப் பழைய பெட்டியின் மெமரி கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சில பெட்டிகளில் டேட்டா தனி எட்டுக்கால் மெமரி சிப்பில் இருக்கும். சிலவற்றில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும். அங்கே மெமரி சிப்பை மட்டும் மாற்றினால் பாதிதான் வரும். படிக்கும்போது இரண்டு முறை படித்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் தொடர்பு சரியில்லை, எழுதக்கூடாது. பழைய பெட்டியில் எதையும் எழுதவே கூடாது. மாற்றாக வாங்கும் பெட்டியின் சொந்த ஃபைலையும் சேமித்த பிறகே மேலெழுத வேண்டும்.

உப்பு ஏறிய போர்டில் படித்த ஃபைல் என்றால் எனக்கு இரண்டாவது யோசனை வரும். அதில் சேஸிஸ் நம்பர் சரியாகத் தெரிகிறதா என்றாவது பாருங்கள்.

புதுப்பேட்டை செட்டு

அது நியாயம். ஃபைல் ஒத்து வரலைன்னா புதுசுக்குப் போங்க, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா ஒத்து வந்தும் புதுசு வாங்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

கொருக்குப்பேட்டை கார்கோ

வைப்பர் ரிலேதான். பார்க் சிக்னல் மாறுது, 12 வோல்ட் விடலை. போர்டுல உப்பு பெரிய சிப்புக்கு அடியில போயிருக்கு. ஃபைல் ரெண்டு தடவை படிச்சதும் ஒத்து வரலைன்னு சொல்லிட்டாங்க. புதுசு ஆர்டர் போட்டாச்சு. டயக்னாஸ்டிக் ஆள் நம்ம ஷெட்டுக்கே வர்றார். கழட்டி மாட்டுறது நாங்களே பண்ணலாமா?

ராயபுரம் ஒயர்மேன்

பண்ணலாம். வரிசையைத் தப்பாதீங்க.

சாவி ஆஃப் பண்ணி வெளிய எடுத்து, கதவு சாத்தி, 15 நிமிஷம் சும்மா விடுங்க. மாட்யூல் எல்லாம் தூங்கணும். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற யூரியா திரவம்) ஊத்தற வண்டின்னா சாவி ஆஃப் ஆனதும் பம்ப் குழாய்ல இருக்கற திரவத்தைத் திரும்ப டேங்குக்கு இழுக்கும், அந்தச் சத்தம் நிக்கறதுக்கு முன்னாடி பேட்டரி கழட்டினா ஊசி அடைச்சுக்கும். அப்புறம் நெகடிவ் கழட்டி, பாடியில படாம துணி சுத்தி ஒதுக்குங்க. டேஷ்போர்டுக்கு அடியில மஞ்சள் கப்ளர் தெரிஞ்சா அது ஏர்பேக், தொடாதீங்க.

கப்ளர் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க. லீவர் வெச்ச கப்ளரை ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க, லீவரை முழுசா திருப்பினா தானா வெளிய வரும். ஃபியூஸ் பெட்டி பிசிஎம்மோட சேர்ந்தே வர்ற மாடல்னா ஃபியூஸை ஒவ்வொண்ணா, ஆம்பியர் பார்த்து, அதே இடத்துக்கு மாத்துங்க. மொத்தமா பிடுங்கி மடியில வெச்சுக்கிட்டு அப்புறம் யோசிக்காதீங்க.

புது பெட்டியைக் கவர்லேர்ந்து எடுக்கறதுக்கு முன்னாடி பாடி இரும்பைத் தொடுங்க. பின் மேல விரல் படக்கூடாது.

இப்ப முக்கியமான இடம். பச்சையான அந்த ரெண்டு பெண் பின்னை ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சுட்டு விட்டுடாதீங்க. செம்பு உள்ள அரிச்சிருந்தா ஒயரை உரிச்சாலே கருப்பா தெரியும். பளபள செம்பு வர்ற வரைக்கும் வெட்டி, புது பின் க்ரிம்ப் பண்ணி, ஜாயிண்ட்டை ஒட்டுப் பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க்ல (சூட்டுல சுருங்கற குழாய்) மூடுங்க. பக்கத்துப் பக்கத்து ஒயர்ல ஜாயிண்ட் வந்தா முன்னப் பின்ன வையுங்க, ஒரே இடத்துல குண்டு கட்டாம. அதே அளவு ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்க, லேசா பிடிச்சு வரணும். வழவழன்னு வந்தா அந்தப் பின்னையும் மாத்துங்க.

பெட்டியைக் கம்பெனி வெச்ச அதே கோணத்துல மாட்டுங்க. ஒயர் கட்டு கப்ளருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்கணும். ஒயர் மேல நடந்து வர்ற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பெட்டிக்குள்ள ஏறாது. பாதிப் பேர் அழகா இருக்கட்டும்னு கேபிள் டை போட்டு அதை மேல இழுத்துக் கட்டறாங்க.

மணலி மீட்டர்

கோடிங் சமயத்துல பேட்டரிக்குத் துணை சப்ளை கட்டாயம். சாதா சார்ஜர் வேண்டாம், அதுல வர்ற ரிப்பிள் (வோல்ட் ஏத்த இறக்கம்) நல்லதில்லை. 13 வோல்ட்ல நிலையா நிக்கிற பவர் சப்ளை, குறைஞ்சது 30 ஆம்பியர். ஹெட்லைட், புளோயர் ஆஃப். லேப்டாப் கரண்ட்ல இருக்கட்டும், கேபிள்ல இணைக்கட்டும். ஷெட்டுக்கு இன்டர்நெட் சிக்னல் வருதான்னு முன்னாடியே பார்த்துடுங்க. ஆன்லைன் கோடிங்னா நடுவுல அறுந்தா சாவியை ஆஃப் பண்ணாம மறுபடி இணைக்க முயற்சி பண்ணணும். மின்வெட்டு வர்ற ஏரியான்னா பவர் சப்ளை இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும்.

மாதவரம் பாடி பில்டர்

இவர் வண்டிக்குத் தண்ணிதான் காரணம்னு தெரியுது. ஆனா வேலை வண்டியில பிசிஎம் சாகறதுக்கு எங்க பக்கம் ரெண்டு காரணம் அதிகம், அதையும் எழுதிடறேன்.

ஒண்ணு வெல்டிங். உள்ள ரேக் வைக்க, ஏணி பிடிக்க பேட்டரி கழட்டாம ஆர்க் அடிக்கிறாங்க. ரெண்டு டெர்மினலையும் கழட்டணும், எர்த் கிளாம்ப் வெல்டிங் பக்கத்துலயே பிடிக்கணும். முன் பம்பர்ல கிளாம்ப், பின் கதவுல வெல்டிங்னா கரண்ட் வண்டி முழுக்க வழி தேடிப் போகும். மாட்யூல் கிட்ட அடிக்கணும்னா கப்ளரையும் கழட்டுங்க.

இன்னொண்ணு ஜம்ப் ஸ்டார்ட். மணலி பக்கம் வண்டி நின்னா நிக்கற கன்டெய்னர் லாரிகிட்ட கேபிள் கேக்கறது வழக்கம். லாரி 24 வோல்ட். வேன் 12. ஒரு தடவை போதும். லாரிக்காரர் "ஒரு பேட்டரியிலேர்ந்து மட்டும் எடுத்துக்க"ன்னு சொல்வார், எந்தப் பேட்டரி, எந்தக் கம்பம்னு இருட்டுல தப்பினா முடிஞ்சுது.

கொருக்குப்பேட்டை கார்கோ

மாட்டியாச்சு. கோடிங், ரெண்டு சாவி, ரிமோட் எல்லாம் ஆச்சு. தண்ணி வழி பானட்டு ரப்பர்ல இருந்துச்சு, ஜிபிஎஸ் ஒயர் குத்தின ஓட்டை. சீல் பண்ணி மக்குத் தண்ணி ஊத்திப் பார்த்தோம், டிஷ்யூ காய்ஞ்சு இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

மணலி மீட்டர்

தூக்கக் கரண்ட், அதாவது மாட்யூல் எல்லாம் தூங்கினப்புறமும் பேட்டரியிலேர்ந்து போற கரண்ட். ரூம் லைட் எரிஞ்சு பேட்டரி படுத்த வண்டி, அதைப் பார்க்காம விடாதீங்க. கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால மூடின நிலைக்குத் தள்ளி பிசிஎம்மை ஏமாத்துங்க, ரிமோட்ல லாக் பண்ணுங்க, நெகடிவ் கேபிள்ல டிசி கிளாம்ப் மீட்டர். அரை மணி நேரம் கழிச்சு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ இருக்கணும். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 50 மில்லி காலி பண்ண கணக்குப்படி 50 நாள். ஒன்றரை ஆம்பியர் இழுத்தா 40 மணி நேரம், ஸ்டார்ட் ஆகாம போக அதுல பாதி போதும். ஜாஸ்தி காட்டினா ஃபியூஸைப் பிடுங்காதீங்க, பிடுங்கி மாட்டினா மாட்யூல் முழிச்சுக்கும். ஒவ்வொரு ஃபியூஸ் முதுகுலயும் மில்லிவோல்ட் அளந்துட்டு வாங்க, எதுல அளவு வருதோ அந்த லைன்.

அந்த ஜிபிஎஸ்ஸுக்கு சப்ளை எங்கேர்ந்து எடுத்திருக்காங்கன்னும் பாருங்க. பிசிஎம் அவுட்புட் ஒயர்ல கீறி எடுத்திருந்தா பிரிச்சு, பேட்டரியிலேர்ந்து தனி ஃபியூஸ் போட்டுக் குடுங்க. ரிவர்ஸ் ஹாரன், பின் ரேக் லைட்டுக்கும் அதேதான். தனி ரிலே, பிசிஎம் லைன் ரிலே காயிலை மட்டும் இழுக்கட்டும்.

பெரம்பூர் கோடிங்

எல்லா விளக்குகளையும் ஒரு சுற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு, கோடுகளை அழித்து, வண்டியை ஓட்டிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். யூ0140 மூன்று மாட்யூலிலும் திரும்ப வராமல் இருக்க வேண்டும். ஸ்பேர் சாவியாலும் ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள்.

கொருக்குப்பேட்டை கார்கோ

32 மில்லி ஆம்பியர். கோடு எதுவும் இல்லை. ஸ்பேர் சாவியிலயும் ஸ்டார்ட் ஆகுது. ஜிபிஎஸ் லைனை நாளைக்குப் பிரிக்கறோம். கடைசியா ஒண்ணு: பழைய பெட்டியைக் கேட்டு ஒருத்தர் வந்தார், நல்ல விலை சொல்றார். குடுக்கலாமா?

பெரம்பூர் கோடிங்

கொடுக்காதீர்கள். உங்கள் சேஸிஸ் நம்பரும் சாவித் தகவலும் அதற்குள் இன்னும் இருக்கலாம். புதிய பெட்டியின் வாரண்டி முடியும் வரை லேபிளுடன் பத்திரமாக வைத்திருந்து, பிறகு மெமரி சிப்பை உடைத்துவிட்டு மின்கழிவாகக் கொடுங்கள்.